இரு கண்காட்சிகள்



கலை வேறு, அரசியல் வேறு; இரண்டும் கலந்தால் கலை கெடும் என்று கூறுவோர் உண்டு. இக்கூற்று முற்றிலும் உண்மைதானா? சில மாத இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு ஓவியக் கண்காட்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

1937 ஜூலை 19ஆம் நாள் ஜெர்மனியின் மூனிச் நகரில் ஒரு கண்காட்சி தொடங்கிற்று. 'சீரழிந்த கலை' என்பது இட்லரின் ஆட்சி அதற்கு இட்ட பெயர். பொருட்காட்சிசாலைகளிலிருந்து பறிக்கப்பெற்ற சுமார் 650 படைப்புகளை நெருக்கியடித்துத் தொங்கவிட்டு, சுவர்களில் ஏளன வாசகங்களை எழுதிவைத்தனர். நவம்பர் முடிவதற்குள் ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் வந்தனர். எள்ளி நகையாட வந்தோர் பலர். இனிக் காண்பது அரிது என்றெண்ணி விடைபெற வந்தோரும் இருந்தனர். சுவரில் எழுத ஆட்சியால் முடிந்தது. காண்போர் அனைவரின் நெஞ்சிலும் எழுத முடியவில்லை.

1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில், சுபாஷ் சந்திரபோஸ் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. காந்தியடிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி நந்தலால் போஸ் அதற்குச் சித்திரங்கள் தீட்டினார். உழவர், தச்சர், தையற்காரர், மேளம் கொட்டுவோர் ஆகிய எளியோரே அவற்றின் நாயகர்கள்.

ஓய்வு பெற்றபின், புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவற்றுட் சிலவற்றைக் கண்டேன். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் ஐயனாருக்கு மண்குதிரை வனையும் வேளார்களின் கரங்கள் நினைவிற்கு வந்தன. உள்ளம் பூரித்தது. எனினும் ஓர் ஐயமும் உடன் எழுந்தது: உழைப்பின் எழிலைக் கண்டேன், உழைப்பவரின் பசி எங்கே?

அதற்கு விடை பிறிதோர் ஓவியரிடம் கிடைக்கிறது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின்போது, சித்தப்பிரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து, பசியால் மெலிந்த மக்களைக் கோடுகளில் வரைந்தார். அச்சித்திரங்கள் அடங்கிய நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. படை பலம் மிக்க பேரரசு மைக்கோடுகளைக் கண்டு அஞ்சியது!

ஆகவே, அரசியல் கலந்ததனாலேயே கலை கெட்டுவிடுவதில்லை. மூனிச்சில் அரசியல் மனிதரை இழிவு செய்தது, ஹரிபுராவில் உயர்த்தியது, வங்கத்தில் அவர்தம் துயருக்குச் சான்று பகர்ந்தது. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது.

மாணவர்களே, இத்தகைய கண்காட்சிக்குச் சென்றால், அருகிலுள்ள குறிப்பைப் பின்னர்ப் படியுங்கள். முதலில் ஓவியத்தைப் பாருங்கள். உங்கள் உள்ளத்தில் எழுவது மகிழ்ச்சியோ சினமோ, அதன் காரணத்தை உங்களையே கேளுங்கள். பிறர் சிரிக்கச் சொல்லும்போது சிரியாதிருக்கும் துணிவும் கல்வியின் பயனே ஆகும்.