பெயர் எஞ்சிய அடிமைப் பெண்

வரலாற்று ஆவணம் ஒன்றைக் கையில் எடுத்தால் நாம் முதலில் தேடுவது பெயர்களை. யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் பெயரில்லாமல் வெறும் தலைக்கணக்காக நிற்கிறார்கள் என்று பார்த்தாலே, எழுதிய கை எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரிந்துவிடும். ஆதிக் கிறிஸ்தவ இரத்தசாட்சிகளையும் இங்கு அப்படியே வாசிக்கிறோம்.

ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வதென்று கேட்டுப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் கூட்டங்களில் என்ன நடக்கிறதென்று அறிய, சபையில் பணிப்பொறுப்பு வகித்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக அதில் சொல்கிறார். அவருக்குத் தயக்கம் இல்லை. அடிமையின் வாக்குமூலம் வதைத்து வாங்கினால்தான் செல்லும் என்பது ரோம நீதிமன்ற வழக்கம். மூடநம்பிக்கை தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று முடித்துவிடுகிறார். அப்பெண்களின் பெயர் கடிதத்தில் இல்லை.

65 ஆண்டுகள் கழித்து, 177இல், இன்று பிரான்சின் லியோன் எனப்படும் லுக்துனும் நகரம். ஆண்டவர் மார்க்கஸ் அவுரேலியஸ், தத்துவஞானி என்று பேர் வாங்கியவர். தப்பிப் பிழைத்த கிறிஸ்தவர்கள் ஆசியா, பிரிகியா சபைகளுக்கு எழுதிய கடிதத்தை நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் படியெடுத்து வைத்தார். துன்புறுத்தல் எப்படித் தொடங்கியது என்று அக்கடிதம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். வீடுகளுக்குள் வரக்கூடாது, குளியல் கூடத்துக்கும் சந்தைக்கும் வரக்கூடாது, எங்குமே கண்ணில் படக்கூடாது. இந்த வரிசையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வேறுபாடு உண்டு. மறுதலித்தவர்களை விட்டுவிடலாம் என்று கடைசியில் பேரரசரின் ஆணை வந்தது. பிறப்பால் விலக்கப்பட்டவருக்கு அப்படியோர் ஆணை வருவதில்லை.

கைதானவர்களில் பிளந்தினா ஓர் அடிமைப் பெண். உடல் நலிந்தவள், தாங்கமாட்டாள், மறுதலித்துவிடுவாள் என்று உடனிருந்தவர்களே அஞ்சினார்கள். தானும் இரத்தசாட்சிகளில் ஒருத்தியான அவளுடைய எஜமானிக்கும் அதே பயம். விடியலிலிருந்து மாலைவரை ஆள் மாற்றி ஆள் வதைத்தவர்கள்தாம் களைத்துப்போனார்கள். அரங்கில் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டபோது, சிலுவையில் அறையப்பட்டவரையே அவளிடம் கண்டதாகச் சகவிசுவாசிகள் எழுதினார்கள். சிலுவை அடிமைகளுக்கான தண்டனை என்பதை அன்று எல்லோரும் அறிவார்கள். கடைசி நாளில் 15 வயதுச் சிறுவன் பொந்திக்குஸுடன் கொண்டுவரப்பட்டு, அவன் இறந்தபின், வலையில் சுற்றிக் காளையின் முன் வீசப்பட்டாள். ரோமக் குடியுரிமை உள்ளவர்களுக்கோ தலைவெட்டு. ஒரே விசுவாசம், இருவகைச் சாவு.

அக்கடிதம் எஜமானியின் பெயரைச் சொல்லவில்லை. பிளந்தினாவின் பெயரைச் சொல்கிறது. பிளினியின் ஏட்டைத் தலைகீழாக்கிய இடம் இது.

இங்கேயே நின்று மெய்மறந்துவிடவும் கூடாது. அதே கடிதத்தில் வேறு அடிமைகளும் வருகிறார்கள். கிறிஸ்தவ எஜமானர்களிடம் இருந்த, கிறிஸ்தவர்கள் அல்லாத அடிமைகள். வதைக்குப் பயந்தும் படைவீரர்களின் தூண்டுதலாலும், எஜமானர்கள் பிள்ளைக்கறி தின்பதாகவும் முறைகெட்ட உறவு கொள்வதாகவும் அவர்கள் பொய்சொன்னார்கள். சாத்தானின் கண்ணியில் விழுந்தவர்கள் என்று கடிதம் அவர்களைக் கடந்துபோகிறது. நம்மால் அப்படிக் கடக்க முடியவில்லை. கிறிஸ்தவ வீட்டிலும் அடிமை அடிமையாகவே இருந்தார் என்பதற்கு அவர்கள்தாம் சாட்சி. அவர்களுக்குத் திருநாள் கிடையாது.

203இல் கார்த்தேஜில் இறந்தவர்கள் பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும். பெர்பெத்துவா நற்குடிப் பெண், படித்தவள். சிறையில் தன் கையாலேயே குறிப்பு எழுதினாள். ஒரு பெண் எழுதிய ஆதிக் கிறிஸ்தவ எழுத்து அது, அரிய பொக்கிஷம்தான். ஆனால் அக்குறிப்பில் பெலிசித்தா எங்கும் இல்லை. அவளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் தொகுத்தவர் சேர்த்த பகுதியில். அடிமை, எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம்தராததால், தோழர்களோடு சாக முடியாமல் பிந்திப்போய்க் குற்றவாளிகளோடு தனியே சாக நேருமோ என்று கலங்கினாள். சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. சபைச் சகோதரி ஒருத்தி எடுத்து வளர்த்தாள். அரங்கில் பசு முட்டி விழுந்த பெலிசித்தாவைப் பெர்பெத்துவா கைகொடுத்துத் தூக்கினாள், இருவரும் சேர்ந்து நின்றார்கள் என்பதும் தொகுத்தவர் சொல்வதே.

கத்தோலிக்கத் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தாவின் பெயர் பெர்பெத்துவாவுக்கு முன்னால் வருகிறது. தமிழிலும் அந்த வரிசைதான். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பிய ஊர்களிலும் அதே மன்றாட்டுதான்.