விலகினாரா, விலக்கினார்களா?

1956 நவம்பர் 23, பொழுது விடியாத நேரம். அரியலூரைக் கடந்து தெற்கே போன தூத்துக்குடி விரைவு ரயில், வெள்ளம் கரையை அரித்துக் கிடந்த மருதையாற்றுப் பாலத்தருகே கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தில்லியில் பதவி விலகல் கடிதம் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்.

'விலகினார்' என்று எழுதுகிறோம். ஒரு ககர ஒற்றைக் கூட்டினால் 'விலக்கினார்'. இறங்கினார், இறக்கினார், நீங்கினார், நீக்கினார், கவிழ்ந்தது, கவிழ்த்தது, கலைந்தது, கலைத்தது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்த இந்த இணைகள்தாம் பதவியிழப்பைப் பற்றித் தமிழில் பேசுவதற்கான முதல் கருவி. செய்தது யார் என்ற கேள்விக்கான விடை ஒரே ஒற்றில் அடங்கிவிடுகிறது. 'ஆட்சி கவிழ்ந்தது' என்று எழுதுகிறவர் ஆற்றில் ஓடம் கவிழ்ந்ததைப்போல் சொல்கிறார். 'கவிழ்த்தார்கள்' என்று எழுதுகிறவர் கைகளைத் தேடச் சொல்கிறார். செய்தி எழுதுகிறவர் இந்த இரண்டில் எதை எடுக்கிறார் என்பதில் அவருடைய அரசியலே இருக்கிறது.

சாஸ்திரியின் விலகல் கலப்பில்லாத தன்வினை. ஆனால் அதே விபத்து பிறவினையையும் பெற்றெடுத்தது. ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் செங்கல்பட்டுத் தொகுதியைச் சேர்ந்த ஓ. வி. அழகேசன். 1957 தேர்தலில் முதன்முறையாகக் களமிறங்கிய தி.மு.க., அவர் பெயருக்கு முன்னால் அரியலூரைச் சேர்த்து, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா என்று மேடைதோறும் கேட்டது. 'அரியலூர்', 'அழகேசர்' என்பதில் மோனை; 'ஆண்டது', 'மாண்டது' என்பதில் எதுகை. ஆளுகிற வினையும் சாகிற வினையும் ஓரெழுத்துத் தொலைவில் நிற்பதைப் பார்த்தவருக்கு யாப்பு கைவந்திருந்தது. அந்தத் தேர்தலில் அழகேசன் தோற்றார். தி.மு.க. 15 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. ஒரு முழக்கத்தால்தான் ஒருவர் தோற்றார் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் அரியலூர் என்ற பெயர் தமிழக அரசியல் பேச்சுக்குள் நுழைந்த வாசல் அதுதான்.

அரியலூர் மண்ணுக்கு அதைவிடப் பழைய ஒரு வினைச்சொல்லும் உண்டு: 'கொள்'. கங்கைகொண்டசோழபுரம், ஜெயங்கொண்டம் என்று ஊர்ப்பெயர்களிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. மன்னர் காலத்தில் பதவி பறிபோனவனுக்கு வினையே இல்லை. பறித்தவன் 'கொண்டான்', அவ்வளவுதான். மதுரை கொண்ட, முடி கொண்ட, நாடு கொண்ட என்று பட்டங்கள் அடுக்கப்பட்டன. 13ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டை வென்று, பிறகு சோழனிடமே திருப்பிக் கொடுத்தான். அதற்கு அவன் சூடிக்கொண்ட பெயர் 'சோணாடு வழங்கியருளிய'. கொண்டதை விட வழங்கியதுதான் பெரிய அவமானம். முடியைப் பறித்தால் எதிரி. பறித்த முடியை அருளினால் ஆண்டவன். கங்கைவரை போனதாகச் சொல்லிக்கொண்ட குலத்துக்கு இது எப்படி இருந்திருக்கும்!

அடுத்து வந்த மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள மன்னன் நரசிம்மன் படையனுப்பி மீட்டதைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு விவரிக்கிறது. மீட்டவன் கொண்ட பட்டம், சோழ ராச்சியத்தைப் 'பிரதிஷ்டை' செய்தவன். கோயிலில் சிலையை நிறுவும் சொல், அரசனை மறுபடி உட்கார வைப்பதற்கும் பயன்பட்டது. தானாக நிற்க முடியாத அரசனுக்குப் பொருத்தமான சொல் என்றே தோன்றுகிறது. கங்கைகொண்டசோழபுரத்தில் இராசேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம் இன்று மாளிகைமேடு. மாளிகை பெயரில் மட்டும் இருக்கிறது.

குடியரசில் 'கொண்ட' போய், 'கலைக்கப்பட்டது' வந்தது. தூக்கம் கலையும், கனவு கலையும், கூட்டம் கலையும். ஆட்சியைத்தான் கலைக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31, 1980 பிப்ரவரி 17, 1988 ஜனவரி 30, 1991 ஜனவரி 30 ஆகிய நான்கு நாள்களில் அரசியல் சட்டத்தின் 356ஆம் பிரிவு இறங்கியது. இவற்றில் 1991தான் சொல்லாராய்ச்சிக்கு மிக வேண்டியது. ஆளுநரின் அறிக்கை கிடைத்தோ, 'வேறு வகையிலோ' நிலைமையை அறிந்தால் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கையிலெடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். அந்த 'வேறு வகை' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. மக்கள் ஓட்டுப்போட்டு அமைத்த ஓர் அரசு, சட்டத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு சொல்லால் போயிற்று. 1994இல் எஸ். ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்ட பிறகுதான் இந்த வினை அடங்கியது.

'ராஜினாமா' பாரசீகச் சொல். இசைவு எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்பது அதன் பழைய பொருள். இசைந்து கொடுத்தாலும் நெருக்கடியில் கொடுத்தாலும் தமிழில் 'ராஜினாமா செய்தார்' என்றுதான் வரும். பெரம்பலூர்க்காரரான ஆ. ராசா, அலைக்கற்றை விவகாரத்தின் அழுத்தத்தில் 2010 நவம்பர் 14 அன்று மத்திய அமைச்சர் பதவியை விட்டபோதும் தலைப்புகள் அந்தச் சொல்லைத்தான் தாங்கின. 2017இல் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது, சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது. அரியலூர், பெரம்பலூர் என்று பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள், சாஸ்திரி, ராசா என்று இரண்டு அமைச்சர்கள், ஒரே சொல். உள்ளே இருந்த நிகழ்ச்சிகள் வேறு வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டச் செய்தித்தமிழ் இன்னும் ஒரு சொல்லைக் கண்டாக வேண்டும்.

இலங்கையில் 2022இல் மக்கள் அதிபர் கோத்தபய ராஜபக்சவை நோக்கிச் சொன்னது 'வீட்டுக்குப் போ'. அரண்மனை, முடி, அருள் எல்லாம் உதிர்ந்து, வீடு மட்டும் மிஞ்சிய சொல் அது. ஜூலை 14 அன்று சிங்கப்பூரிலிருந்து அவர் விலகல் கடிதம் அனுப்பினார்.

ஊராட்சியில் பேச்சு இன்னும் நேரடி. நேரடியாக மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை நீக்குவதற்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 205ஆம் பிரிவு இருக்கிறது. ஆட்சியர் நோட்டீஸ், வட்டாட்சியர் கூட்டும் கூட்டம் என்று அது நீளும். அதற்கு முன்னாலேயே ஊரில் ஒரு பேச்சு பரவிவிடும்: "செக் பவரைப் பறிச்சுட்டாங்களாம்." தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஊராட்சிக் காசோலை செல்லும். அந்தக் கையெழுத்து போய்விட்டால், பலகையில் பெயர் இருந்தாலும் ஆட்சி முடிந்ததென்று ஊர் அறியும். முடி எங்கே இருக்கிறதென்று ஊர்க்காரர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

அரியலூர் மாவட்டமே இந்தச் சொற்களுக்குள் சிக்கி மீண்டது. 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிக்கப்பட்டது. 2002இல் கலைக்கப்பட்டு மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. இரண்டாம் முறை அது பிறந்த நாள் 2007 நவம்பர் 23. மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து, சாஸ்திரி விலகக் காரணமான அந்த விடியலுக்குச் சரியாக 51 ஆண்டு.