அடுப்படிப் புகையும் காபன் வாணிகமும்

புகையில்லா அடுப்பு என்னும் கருத்து இந்திய நாட்டில் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலே வலுப்பெற்றது. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கான ஏழைகளின் சமையலறையைப் புகையினின்றும் மீட்பது பற்றி 1953 இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். மண்ணாலான அடுப்பு, அதனோடு ஒரு புகைபோக்கி. அன்றைய பேச்சு வளிமண்டலத்தைப் பற்றியதன்று. அடுப்பூதும் பெண்ணின் கண்ணையும் நெஞ்சையும் பற்றியது.

எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியோடு நோக்கம் திசை மாறியது. விறகு அருகுகின்றது, காடு அழிகின்றது என்ற அச்சம் முன்னின்றது. 1983 இல் இந்திய அரசு தேசிய அடுப்புத் திட்டமொன்றைத் தொடங்கி, 2002 இல் அதனைக் கைவிடுமுன் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புக்களை வழங்கியது. வழங்கியது என்பதே பொருத்தமான சொல். அவற்றுள் எரிந்தவை எத்தனை என்பது வேறு கணக்கு. மேலிருந்து இலக்கு வந்தது. இலக்கை நிரப்ப அடுப்பு வந்தது. தன் பானைக்கும் தன் விறகுக்கும் அது ஏற்குமா எனச் சமைப்பவளை வினவியோர் சிலரே. பின்னாளில் ஒரிசாவிலே தொண்டு நிறுவனமொன்று கட்டிக்கொடுத்த அடுப்புக்களை, சுமார் 2,600 குடும்பங்களிடையே நான்காண்டுகள் ஆய்ந்தனர். முதலாண்டில் புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. புது அடுப்பு ஒழுங்காகப் பயன்படவுமில்லை, பேணப்படவுமில்லை.

1997 ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை இந்த அடுப்படிக்குள் உலகச் சந்தையை அழைத்து வந்தது. புதிய அடுப்பு விறகை மிச்சப்படுத்துகின்றது. அவ்விறகில் மீள வளராத காட்டிலிருந்து வந்திருக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்று கணிக்கின்றனர். அதனால் வெளிப்படாது போன ஒவ்வொரு தொன் காபனீரொட்சைட்டும் ‘காபன் வரவு’ என்னும் சரக்காகிறது. அதனை வாங்கும் விமானக் கம்பனி தன் புகையைத் தொடர்ந்து கக்கலாம். விற்கும் உரிமையையோ, அடுப்பைப் பெறும் குடும்பம் பெரும்பாலும் ஒரு தாளிற் கையொப்பமிட்டு விட்டுக்கொடுத்துவிடுகிறது!

எரியாத விறகை எவர் கண்டார்? கணக்கு ஊகத்தையே நம்பியது. உலகில் வெட்டப்படும் எரிவிறகில் 27 முதல் 34 வீதமே மீள வளராதது என 2015 இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. திட்டங்கள் பலவும் இதனினும் மிக உயர்ந்த பங்கைக் கொண்டே கணித்திருந்தன. தாம் எடுத்துக்கொண்ட திட்டங்கள் பெற்ற வரவுகள் உண்மையினும் ஏறத்தாழ 9 மடங்கு எனக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2024 இல் கண்டனர். அதே ஆண்டு அக்டோபரில், அடுப்புத் திட்டங்களின் அளவீடுகளைத் திரித்ததாக ஒரு நிறுவனத்தின் முன்னாள் நிர்வாகிகள் மீது நியூயோர்க்கிற் குற்றஞ்சாட்டப்பட்டது. அவருள் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆகவே அடுப்பே வேண்டாம் என்பாரும் உளர். அது எமது கருத்தன்று. வீட்டுப் புகையினால் 2020 இல் சுமார் 32 இலட்சம் மக்கள் மாண்டனரென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. காபன் வாணிகம் பிறக்குமுன்னரே சீனம், 1982 முதலான பத்தாண்டில், 12 கோடிக்கு மேற்பட்ட அடுப்புக்களைக் கிராமங்களில் நிறுவியது. செலவின் பெரும்பங்கைக் குடும்பங்களே ஏற்றன. நம் நாட்டு ‘அனகி’ இரட்டை மண்ணடுப்பும் அவ்வாறே. எண்பதுகளில் உருவான அதனைக் கிராமத்துக் குயவர் வனைந்தனர், சமைப்போர் விலைகொடுத்து வாங்கினர்.