பாலவநத்தம் ஜமீன்தார் தேடிய புத்தகம்



பின்லாந்தில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் ஹெல்சிங்கி தேசிய நூலகத்தின் படங்களை அனுப்பி, "சார், இதைப் பற்றி எழுதுங்களேன்" என்றார். எழுதுகிறேன், ஆனால் நம்ம ஊருக்கும் வந்துவிடுவேன்.

அந்த நூலகத்தின் முன்னோடி துர்க்கு நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1827இல் ஊரே தீப்பற்றியபோது அதுவும் எரிந்தது. தப்பியவை பெரும்பாலும் இரவல் போயிருந்த புத்தகங்கள்தாம். (பள்ளி நூலகப் புத்தகத்தை இன்னும் திருப்பித் தராதவர்கள் இதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்!) எலியாஸ் லொன்ரோத் என்ற இளைஞரின் ஆய்வேட்டில் இரண்டாம் பகுதியும் அந்தத் தீயில் போயிற்று. அன்று அங்கே படித்தவர்கள் மொழி சுவீடிஷ். பின்னிஷ் மொழிப் பாட்டுகள் கிராமத்தார் வாயில்தான் இருந்தன. மருத்துவரான லொன்ரோத் ஊர் ஊராக நடந்து அவற்றை எழுதியெடுத்து, 1835இல் 'கலேவலா' என்ற காவியமாக வெளியிட்டார். அங்கு வாழ்ந்த ஈழத்தமிழர் உதயணன் அதை முழுவதும் தமிழாக்கி 1994இல் கொண்டுவந்தார்.

இனி நம் மாவட்டம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் பாலவநத்தத்தை எத்தனையோ முறை தாண்டியிருப்பீர்கள். அந்த ஜமீனுக்கு உரியவர் பாண்டித்துரைத் தேவர் (1867–1911). சொற்பொழிவுக்காக மதுரை வந்தவர், பார்த்துக்கொள்ளத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம். சங்கம் வளர்த்த ஊரில் ஒரு பிரதி கிடைக்கவில்லை! அந்த வருத்தத்தில்தான் 1901 செப்டம்பர் 14இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது என்பார்கள். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலை வந்தது. ஏடுகளும் அச்சு நூல்களும் சேர்ந்தன. 'செந்தமிழ்' இதழ் வந்தது.

சென்னையில் சிங்காரவேலு முதலியார் என்ற பள்ளித் தமிழாசிரியர் பல ஆண்டு உழைத்து ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதிவிட்டு, அச்சிட ஆளில்லாமல் அலைந்தார். தேவர் கைகொடுக்க, 1910இல் 'அபிதான சிந்தாமணி' சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஓர் ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி வீணாகாமல் காத்தாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு கதையும் உண்டு. மதுரையில் ஸ்காட் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் குறளில் எதுகை சரியில்லை என்று தாமே 'திருத்தி' அச்சிட்டாராம். தேவர் மீதியிருந்த பிரதிகளை எல்லாம் விலை கொடுத்து வாங்கி எரித்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு மட்டும், ஒரே ஒரு பிரதியைப் புத்தகசாலை அலமாரியில் வைத்திருக்கலாமே என்று தோன்றும். தமிழ் யாப்பு ஒரு வெள்ளைக்கார வக்கீலின் காதில் எப்படி விழுந்தது என்பதும் வரலாறுதானே? அபத்தமான புத்தகத்துக்கும் நூலகத்தில் இடம் வேண்டும். வள்ளுவர் அதனால் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்.

நம் பக்கம் காகிதம் எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? எடைக்குப் போட்டால் வெடிக்குக் குழாய் உருட்டத்தான். தீபாவளிக்கு மறுநாள் வாசல் குப்பையில் அரை வரி, கால் வரி என்று எழுத்துகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய நோட்டும் செய்தித்தாளும் போகட்டும். ஆனால் தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் இருக்கும் பெரிய எழுத்துக் கதைப்புத்தகம், நாடக நோட்டீஸ், கும்மிப் பாட்டு, கடை விலைப்பட்டியல் போன்றவை வேறெங்கும் மிஞ்சாமல் போயிருக்கலாம். இப்படிப்பட்டவற்றைத்தான் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டை வாங்கியது. நாட்டைவிட்டு வெளியே போகாமல், இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்வீர்கள். பழைய அச்சுப் புத்தகமோ ஏட்டுச்சுவடியோ கண்ணில் பட்டால், எடைக்காரரைக் கூப்பிடுமுன் முதல் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்த நூலகத்துக்கு எழுதலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். பூச்சி அரித்திருந்தாலும் பரவாயில்லை.