கிணற்று மோட்டாரும் டர்போ காரும் - ஃப்யூல் பம்ப்பின் கதை

ஃப்யூல் பம்ப் என்றதும் பெட்ரோல் பங்க் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் இது வேறு. காரின் டேங்கில் இருந்து என்ஜினுக்கு பெட்ரோலை தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன பம்ப். இன்றைய கார்களில் கைக்குள் அடங்கிவிடும். அது ஓடும் வரை யாரும் அதை நினைப்பதில்லை. டர்போ காரில் அது கொஞ்சம் சோர்ந்து போனால் லட்ச ரூபாய் என்ஜின் சில நொடிகளில் பாழாகிவிடும்!

இந்தப் பம்ப்பை தேர்ந்தெடுப்பது எப்படி என்று கோயம்புத்தூர்காரர்களுக்கு யாரும் புதிதாக சொல்லித்தர வேண்டியதில்லை. ஏன் என்று தெரிய கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

பம்ப் ஊர் ஆன கதை

கொங்கு நாட்டில் ஆறுகளை விட கிணறுகளை நம்பிய விவசாயம்தான் அதிகம். ஒரு காலத்தில் மாடு பூட்டி கவலை இறைத்தார்கள். 1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. மின்சாரம் மில்லுக்கும் வந்தது, தோட்டத்துக்கும் வந்தது. 1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து ஒரு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது அதுதான். பிறகு பட்டறைகள் பெருகி, மோட்டார் பம்ப்செட் என்றாலே கோயம்புத்தூர் என்று ஆனது.

அதனால் இங்கே மோட்டார் வாங்கப் போகிறவர் முதலில் "எத்தனை எச்.பி?" என்று மட்டும் கேட்பதில்லை. "எத்தனை அடி ஹெட்? அந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணி தள்ளும்?" என்று கேட்பார். கிணறு ஆழமாக ஆக, அதே மோட்டார் தள்ளும் தண்ணீர் குறையும். இந்த ஒரு விதி ஞாபகத்தில் இருந்தால் போதும். டர்போ காரின் பம்ப்பும் இதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது.

காருக்குள் பம்ப் வந்த விதம்

1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பம்ப்பே கிடையாது. சீட்டுக்கு அடியில் இருந்த டேங்கில் இருந்து பெட்ரோல் தானாக கீழே இறங்கி வரும். மேடு செங்குத்தாக இருந்தால் என்ஜின் டேங்கை விட உயரமாகி பெட்ரோல் வராமல் நின்றுவிடும். அப்போது டிரைவர்கள் காரை திருப்பி ரிவர்ஸில் மேடு ஏற்றினார்கள்!

அடுத்து வந்தது மெக்கானிக்கல் பம்ப். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 எல்லாமே இந்த வகைதான். என்ஜின் கேம் ஒரு லீவரை அடிக்க, உள்ளே ரப்பர் டயாஃப்ரம் மேலும் கீழும் போகும். இதன் அழுத்தம் 0.2 அல்லது 0.3 பார்தான் இருக்கும். கார்புரேட்டருக்கு அது போதும்.

1967ல் ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் போஷ் கம்பெனியின் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்தது. அதற்கு 2 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். அதனால் மின்சார பம்ப் வந்தது. இந்தியாவில் புகை விதிகள் கடுமையாகி, 2000ஐ ஒட்டி சாதாரண கார்களிலும் எம்பிஎஃப்ஐ வந்தபோது, பம்ப் டேங்குக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. சுற்றி இருக்கும் பெட்ரோல்தான் அதை குளிர வைக்கிறது. டேங்கை அடிக்கடி காலியாக விட்டு ஓட்டினால் பம்ப் சீக்கிரம் போய்விடும் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான்.

ரேஸ் மைதானமும் டர்போவும்

மதுக்கரை தாலுகாவில் இருக்கும் செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்டது கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995ல் விமான விபத்தில் இறந்த கோவை ரேஸ் வீரர் எஸ்.கரிவர்தன் பெயர்தான் அதற்கு. 1988 வாக்கில் மாருதி 800ன் சின்ன 796 சிசி என்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டியவர் அவர். குறைந்த செலவில் இளைஞர்கள் ரேஸ் பழக வேண்டும் என்பதே நோக்கம். அந்த வகை காரில் பழகியவர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் வரை போனது எல்லோருக்கும் தெரிந்ததே.

கரிவர்தன் காலத்து கார்களில் டர்போ இல்லை. ஆனால் உலகத்தில் டர்போ வந்து ஆட்டத்தையே மாற்றியிருந்தது. 1977ல் ரெனால்ட் கம்பெனி ஃபார்முலா ஒன்னில் டர்போ காரை இறக்கியது. முதலில் அடிக்கடி புகை விட்டு நின்று கேலிக்கு ஆளானது. 1979ல் பிரான்ஸின் டிஜோனில் ஜெயித்ததும் கேலி நின்றது. பிறகு டர்போக்களை அடக்க நினைத்தவர்கள் கை வைத்தது பெட்ரோலில்! 1984ல் ஒரு ரேஸுக்கு 220 லிட்டர், 1986ல் 195, 1988ல் டர்போ கார்களுக்கு 150 என்று குறைத்துக்கொண்டே வந்து, 1989ல் டர்போவையே தடை செய்தார்கள். 2014ல் டர்போ திரும்பி வந்தபோதும் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் பெட்ரோல் பாயக்கூடாது என்று விதி போட்டார்கள். எவ்வளவு பெட்ரோல் பாய்கிறதோ அவ்வளவுதான் சக்தி என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

இந்தியாவில் 2000களில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 150 குதிரைத்திறன் டர்போவோடு வந்தது. 2012ல் போலோ ஆர் கப் ரேஸ் கார்கள் 180 குதிரைத்திறனோடு ஓடின. 2013ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைத்திறனோடு ரோட்டுக்கு வந்தது. அதன்பின் டர்போவின் அழுத்தத்தை கூட்டி சக்தியை ஏற்றும் ஆசையும் பரவியது.

கணக்கு இப்படித்தான்

டர்போ காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை வறண்டு, சூடு ஏறி, நாக்கிங் வந்து பிஸ்டன் ஓட்டை விழும்.

300 குதிரைத்திறன் டர்போ என்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் 0.27 கிலோ பெட்ரோல் வேண்டும். மொத்தம் 80 கிலோ, அதாவது சுமார் 108 லிட்டர். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்கு குறைந்த காற்று போதும் என்பதால், அதே காற்றுக்கு சுமார் 8 சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும். 117 லிட்டர் ஆயிற்று. கையிருப்பாக கால்பங்கு சேர்த்தால் சுமார் 146 லிட்டர்.

இனி ஹெட். சாதாரணமாக இன்ஜெக்டர் லைனில் 3 பார் அழுத்தம் இருக்கும். டர்போ 1.2 பார் தள்ளினால், அதை எதிர்த்து பெட்ரோல் உள்ளே போக லைனில் 4.2 பார் வேண்டும். தண்ணீர் கணக்கில் சொன்னால் 100 அடி கிணறு 140 அடி ஆன மாதிரி! பெட்டியில் 255 லிட்டர் என்று போட்டிருப்பது ஏதோ ஒரு அழுத்தத்தில், ஏதோ ஒரு வோல்டேஜில் அளந்தது. 4.2 பாரில் அதே பம்ப் எவ்வளவு தள்ளும் என்று கம்பெனி தரும் வரைபடத்தை பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ். லோ வோல்டேஜில் தோட்டத்து மோட்டார் என்ன பாடு படும் என்று எல்லோருக்கும் தெரியும். காரிலும் பழைய மெல்லிய வயரில் ஒரு வோல்ட் குறைந்தாலே பம்ப்பின் அளவு குறைந்துவிடும். பெரிய பம்ப் போடுபவர்கள் பேட்டரியில் இருந்து தடிமனான வயரும் தனி ரிலேவும் போடுவது இதற்காகத்தான்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய பம்ப் வாங்கிவிடலாமா? கூடாது. தேவைக்கு மேல் தள்ளும் பெட்ரோல் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்கே திரும்பி வந்து சூடாகும். ரெகுலேட்டர் சமாளிக்க முடியாமல் போனால் அழுத்தம் தாறுமாறாகும். மேலே சொன்ன 300 குதிரைத்திறனுக்கு 255 லிட்டர் பம்ப்பே தாராளம். 450 லிட்டர் பம்ப் வீண் செலவு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்களில் என்ஜின் மேல் இன்னொரு ஹை பிரஷர் பம்ப் இருக்கும். அது போதாவிட்டால் டேங்க் பம்ப்பை மட்டும் மாற்றி பயனில்லை.

மலிவாக கிடைக்கும் போலி பம்ப்புகளும் உண்டு. பம்ப்பில் மிச்சம் பிடித்த சில ஆயிரம், என்ஜினில் லட்சமாக திரும்பி வரும்.

சட்டமும் முக்கியம். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றி வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சக்தி ஏற்றிய காருக்கு சரியான இடம் எல் அண்ட் டி பைபாஸ் இல்லை, செட்டிபாளையம் டிராக்தான்.

வேலை டிராக்டருக்கு தகுந்தது, மோட்டார் கிணற்றுக்கு தகுந்தது என்பது கொங்கு விவசாயி பல தலைமுறையாக கடைப்பிடிக்கும் கணக்கு. கிணற்று ஆழத்தை அளக்காமல் அவர் மோட்டார் வாங்குவதில்லை. டர்போ கார் வைத்திருப்பவரும் அழுத்தத்தை அளக்காமல் பம்ப் வாங்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்!