இருபது ஆண்டுகள் காத்திருந்த ஆய்வேடு

முனைவர் பட்ட ஆய்வு எப்போது நிறைவடைகிறது? ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்து, பட்டம் கைக்கு வந்தவுடன் என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. அவ்விடை போதாது என்று எண்ண வைக்கும் வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. காவல்துறை பற்றிய சமூகவியல் ஆய்வுகளின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் வில்லியம் வெஸ்ட்லியின் ஆய்வேட்டு வரலாறுதான் அது.

நூலகத்தில் அமர்ந்திருப்பதைவிடத் தெருவில் இறங்கி மனிதர்களைக் கவனிப்பதையே பெரிதாகப் போற்றியது சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியல் துறை. ஒவ்வொரு தொழிலும் தனக்கென ஓர் ஒழுக்கத்தையும் நியாயத்தையும் வளர்த்துக்கொள்கிறது என்னும் பார்வை, எவரெட் ஹியூஸ் போன்றோரால் அங்கே வேரூன்றியிருந்தது. அப்பார்வையைக் காவலர்மீது திருப்பினார் வெஸ்ட்லி. அவருடைய களம் இண்டியானா மாநிலத்தின் கேரி நகரம். 1906இல் ஓர் எஃகு நிறுவனம் தன் ஆலைக்காக எழுப்பிய ஊர்.

காவலர்களுடன் பழகி, அவர்களுடைய பணியை நேரில் கண்டு, பலரைப் பேட்டி கண்டார் அவர். கேட்ட கேள்விகளுள் ஒன்று இன்றளவும் பேசப்படுகிறது. ஒரு காவலர் ஒருவரை அடித்து உதைப்பது எப்போது நியாயமாகும் என்பதே அது. விடையளித்த 73 பேரில் 27 பேர், அதாவது 37 விழுக்காட்டினர், காவலரை அவமதிக்கும்போது என்றனர். தவிர்க்க இயலாதபோது என்றவர்கள் 17 பேர். தகவல் பெறுவதற்காக என்றவர்கள் 14 பேர். கைது செய்வதற்காக என்றவர்கள் 6 பேர் மட்டுமே.

இவ்வெண்களை நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். கைது செய்யவும் தற்காப்புக்காகவும் தேவையான அளவு வலிமையைச் சட்டம் அனுமதிக்கிறது. அவமரியாதைக்குத் தண்டனையாக அடிப்பதை எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. ஆயினும் காவலர் பலரின் உள்ளத்தில் அதுவே முதற்காரணமாக நின்றது. இதனை வெஸ்ட்லி தனிமனிதரின் கொடுங்குணம் என்று ஒதுக்கவில்லை. பொதுமக்கள் தம்மை வெறுக்கிறார்கள் என்று காவலர் நம்புகின்றனர்; ஆகவே மரியாதையை வற்புறுத்திப் பெறவும், தமக்குள் நடப்பதை மறைக்கவும் தலைப்படுகின்றனர் என்பது அவர் விளக்கம். சக காவலரைக் காட்டிக்கொடுப்பதைவிடப் பொய்ச்சாட்சி சொல்வதே மேல் என்று கருதியோரும் அவர்களிடையே இருந்தனர்.

1951இல் ஆய்வேடு நிறைவுற்றது. அதன் பகுதிகள் 1953இலும் 1956இலும் ஆய்விதழ்களில் கட்டுரைகளாக வெளிவந்தன. முழு நூலாக வெளிவந்ததோ 1970இல்தான்.

இடைப்பட்ட காலத்தில் என்ன நிகழ்ந்தது? 1965இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி எரிந்தது. 1967இல் நியூவார்க்கும் டெட்ராய்ட்டும் எரிந்தன. ஒரு கைது, ஒரு வாடகைக்கார் ஓட்டுநர்மீது விழுந்த அடி, ஒரு மதுவிடுதிச் சோதனை என மூன்றிலும் முதற்பொறி காவலரின் செயலே. வறுமையும் இனப்பாகுபாடும் குவித்து வைத்திருந்த சருகில் அப்பொறி விழுந்தது. 1968இல் கெர்னர் ஆணையம், கறுப்பின மக்களுக்கும் காவல்துறைக்கும் இடையிலான பகையை நாட்டின்முன் வைத்தது. அதன் பின்னரே பதிப்புலகமும் வாசகர்களும் காவல்துறையைப் பற்றி அறியப் பெரிதும் ஆர்வம் காட்டினர்.

நூல் முன்பே வந்திருந்தால் கலவரங்கள் நிகழ்ந்திரா என்று நாம் சொல்லத் துணியோம். ஓர் ஆய்வேட்டுக்கு அத்தனை வலிமை இல்லை. நூல் வெளிவந்த பின்னும் நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை. ராட்னி கிங் தாக்கப்பட்டதையடுத்து 1991இல் அறிக்கையளித்த கிறிஸ்டோபர் ஆணையமும், காவலரிடையே நிலவிய அதே மௌன விதியைச் சுட்டிக்காட்டியது.

ஆயினும் ஒன்று தெளிவாகிறது. அறியாமையால் நேர்ந்த பிழை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 1951க்குப் பின் எவருக்கும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்பட்டுவிட்டது, விடையும் எழுதப்பட்டுவிட்டது. ஆய்வாளர் தம் பங்கை முடித்துவிட்டார். எஞ்சியிருந்தது படிக்க வேண்டியவர்களின் பங்குதான்.