பம்ப் இல்லாமல் பொங்கிய தண்ணீர்

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் அழுத்தம் குறைந்துகொண்டே போனால், குழாயில் எங்கே கசிவு என்று தேடுவார்கள். லாஸ்பேட்டை வெயிலில் நமக்கு அந்த பாய்லர் தேவையில்லை. ஆனால் நம் ஊர் மண்ணுக்கு அடியிலும் அழுத்தத்தோடு தண்ணீர் இருந்தது, தெரியுமா?

பிரெஞ்சு ஆட்சியில், 1870களில், புதுச்சேரியில் ஆழமாகத் துளை போட்டபோது தண்ணீர் தானாகவே மேலே வந்தது. ஆர்ட்டீசியன் ஊற்று என்பது இதுதான். உயரமான இடத்தில் இறங்கும் மழைநீர் களிமண் அடுக்குக்குக் கீழே அடைபட்டு நிற்கும். துளை கிடைத்ததும் எழும்பும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-இல் இதைப் பற்றி எழுதினார். சென்னைக்கும் இப்படித் தண்ணீர் கிடைக்குமா என்றும் அதில் ஆராய்ந்தார்.

பக்கத்து நெய்வேலியில் இந்த அழுத்தமே தொல்லை. நிலக்கரிக்குக் கீழே இருந்த நீர் சுரங்கத் தரையை உடைத்துவிடும் என்பதால், 1961 முதல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள்.

புதுச்சேரியில் யாரும் திட்டமிட்டுக் குறைக்கவில்லை. வயலுக்கு, ஆலைக்கு, வீட்டுக்கு என்று போர் போட்டு, மோட்டார் வைத்து இறைத்தோம். மழை திருப்பித் தருவதைவிட அதிகமாக எடுத்தோம். அழுத்தம் போன இடத்தில், கடலோரத்தில் உப்புநீர் நுழைகிறது. பாய்லர் என்றால் கசிவை அடைத்து மறுபடி தண்ணீர் நிரப்பலாம். இங்கே கசிவு நம் வீட்டு மோட்டார்தான். நிரப்ப மழையை விட்டால் வேறு வழியில்லை.